வழி கேட்காத வெள்ளையணுக்கள்

கேள்வி: விரலில் முள் குத்தினால், எந்த இடம் என்று வெள்ளையணுக்களுக்கு யார் சொல்கிறார்கள்?
– ஒரு வாசகி, கலூர், கொச்சி

பதில்: கெமோகைன் என்னும் குட்டிப் புரதங்கள். மனித உடலில் சுமார் 50 வகை உண்டு. காயம்பட்ட திசு இவற்றைக் கசியவிடும். செறிவு கூடும் திசையில் வெள்ளையணுக்கள் ஊர்ந்து போகும். கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து ஆட்டத்தன்று உங்கள் ஊர் ஸ்டேடியத்துக்கு யாராவது வழி கேட்பார்களா? மஞ்சள் சட்டை அடர்த்தியாகும் பக்கம் நடந்தால் போதுமே! கூட்டம் சேர்ந்தால் வீக்கம்; அதில் மாண்டவர்கள்தான் பெரும்பாலும் சீழ்.

இதில் ஒரு வம்பும் உண்டு. கெமோகைனுக்காகச் செல்லின் மேல் இருக்கும் சிசிஆர்5 ஏற்பியைப் பிடித்துக்கொண்டே எச்.ஐ.வி. பெரும்பாலும் உள்ளே நுழைகிறது. 1996-இல் இது தெரியவந்தது. அந்த வாசலை அடைக்கும் மாத்திரையான மராவிரோக் 2007-இல் சந்தைக்கு வந்தது.