பாடியப் பாத்து மயங்காத, பேராண்டி

ரிமோட் காரு பந்தயத்துக்குப் புதுப் பாடி வாங்கப் போறியாமே? நல்லா வாங்கு. எது வாங்குறதுன்னு எங்கிட்ட எதுக்குடா கேக்குற? லாரிப் பட்டறையில தகரம் வெட்டிக் காலத்தை ஓட்டுன கெழவனுக்கு ஒங்க லெக்சான் வெவகாரம் என்ன தெரியும்? நீ தூங்குனப்பெறகு ஒன் காருப் பெட்டியில இருக்கற காகிதத்தை எல்லாம் கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சவன், அம்புட்டுத்தான். கேட்டுட்ட, சொல்லுறேன். கேக்காட்டியும் சொல்லியிருப்பேன்.

போன்ல எந்தப் படம் பளபளன்னு இருக்கோ அதையே வாங்கிப்புடு. நெசக் காரு மாதிரி கிரில்லு, ஹெட்லைட்டு, கதவுக்குக் கைப்பிடி எல்லாம் இருக்கணும். அப்பத்தான் ஒன்னோட போட்டி போடுற ஒத்தக்கடைப் பய முன்னாடி போயிக்கிட்டே இருப்பான், நீ பின்னாடி சாவகாசமா வரலாம். பத்துக்கு ஒண்ணு அளவு டூரிங் காரு ஓட்டி ஜெயிக்கறவய்ங்க பாடியப் பாத்திருக்கியா? எந்தக் கம்பெனிக் காருன்னு அதைச் செஞ்சவனுக்கே சந்தேகம் வரும். சப்பை மூஞ்சி, முன்னாடி தள்ளிப் படுத்த கண்ணாடி, பின்னாடி அகலமா ஒரு விங். புரோட்டோஃபார்ம்காரன் மாஸ்டா 6 பேர்ல ஒண்ணு போட்டான். ஒலகம் பூராவும் வருசக்கணக்கா அதை மாட்டி ஓட்டுனாய்ங்க. மாஸ்டா மேல உள்ள பிரியத்துலயா? முன்பக்கமும் பின்பக்கமும் காத்து பதமா அமுக்குச்சு, அதனால.

ஒண்ணரைக் கிலோ கூடத் தேறாத வண்டிடா அது. அந்த வேகத்துல அதைத் தரையோட ஒட்ட வைக்கிறதுல டயருக்கு அடுத்தபடி காத்துதான். மூக்கை ரொம்ப அமுக்குற பாடி போட்டா வளைவுல சட்டுனு திரும்பும், அதே சட்டுல வாலும் வெளிய வீசும். கைவாகு உள்ளவன் அதைப் புடிச்சுக்குவான். நீ? போன மாசம் வாசப்படியில சைக்கிளை விட்டவன்தானே. பின்பக்கம் அமுக்குற பாடியா பாரு. வண்டி திரும்ப மாட்டேங்குதுன்னா பாடியத் தாங்குற போஸ்டுக்கு வேற ஓட்டை போட்டுப் பாடிய ரெண்டு மில்லி முன்னாடி தள்ளி மாட்டு, மூக்கு கடிக்கும். அதுக்குன்னு இன்னொரு பாடி வாங்க வேணாம்.

அப்புறம், எங்கன ஓட்டப் போற? இதை நீ கடைசி வரைக்கும் சொல்லலையே. நீ பாக்குற சீமைப் படத்துல எல்லாம் ரப்பர் டயரு போட்டுக் கம்பளத்துல ஓட்டுறாய்ங்க. மதுரையில யாரு ஒனக்குக் கம்பளம் விரிச்சு வச்சிருக்கா? ரேஸ்கோர்ஸ்னு பேரு இருக்கற எடத்துலயே இப்ப ஓடுறது மனுசப் பயகதான். டூரிங் காருக்கும் தரைக்கும் நடுவுல அஞ்சு மில்லிதான் எடைவெளி. மேலூருப் பக்கம் கண்மாய்க் கரைச் சரளையில அதை விட்டா ஒரு ரவுண்டுல அடித்தகடு சல்லடை. செம்மண்ணும் சரளையும்தான் நமக்கு வாச்சதுன்னா பக்கி வண்டிப் பாடியோ, ஷார்ட் கோர்ஸ் டிரக் பாடியோ பாரு.

டிரக்குல ஒரு கூத்து இருக்கு. பாடி பெருசு, பின்னாடி தொங்கும். குதிக்கையில அடியில பூந்த காத்து வெளிய போக வழி இல்லாம வண்டியத் தூக்கி மல்லாத்தும். பாராசூட்டுன்னு ஓட்டுறவய்ங்களே பேரு வச்சிருக்காய்ங்க. அதுக்காகத்தான் பின் பக்கத் தகட்டுல ஓட்டை போடுறது. அழகு கெடுமேன்னு ஓட்டை போடாம விட்டீன்னா, வண்டி மல்லாக்கக் கெடக்கறதை எல்லாப் பயலும் அழகா பாப்பாய்ங்க.

மாட்டு வண்டிப் பந்தயத்துல பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டுன்னு பிரிச்சுத்தான விடுறாய்ங்க? கரிச்சான் மாட்டைக் கொண்டுபோயிப் பெரிய மாட்டு வண்டியில பூட்டுவியா? இங்கயும் அதேதான். பேட்டரி டூரிங்குக்கு 190 மில்லி அகலம், பெட்ரோல் மாதிரி நைட்ரோ ஊத்துற வண்டிக்கு 200. அகலத்தைப் பாக்காம வாங்கிட்டு வந்து சக்கரம் பாடியில ஒரசுதுன்னு எங்கிட்ட அழாத.

இனி கனம். ஒரே பாடிய மெல்லிசாவும் கெட்டியாவும் விக்கிறான். கெட்டின்னா 0.75 மில்லி தகடு, மெல்லிசுன்னா 0.5. சூடு காட்டி அச்சு மேல போட்டுக் காத்தை உறிஞ்சிப் படிய வைக்கிறதால, மூலையில இன்னும் மெலிஞ்சுதான் போகும். வண்டியிலயே ஒசரத்துல இருக்கறது பாடிதான். அதுல கனம் கொறைஞ்சா வளைவுல வண்டி கவுறாது, அதனால கெட்டிக்காரன் மெல்லிசு போடுவான். நீயும் போடு. மொத வளைவுல செங்கல்ல முட்டி, ரெண்டாவது வளைவுல அம்மணமா வரலாம்.

லெக்சான்னு சொல்லுறியே, அது பாலிகார்பனேட்டு. 1953-ல ஜெர்மனியில பேயர் கம்பெனியில ஹெர்மன் ஷ்னெல்லுன்னு ஒருத்தரு கண்டுபுடிச்சாரு. அதே வருசம் அமெரிக்காவுல ஜெனரல் எலக்ட்ரிக்ல டேனியல் ஃபாக்ஸும் தனியா கண்டுபுடிச்சாரு. லெக்சான்கிறது அந்த அமெரிக்காக்காரன் வச்ச பேரு. அது எளகவே 140 டிகிரிக்கு மேல வேணும். சித்திரை வெயில்ல பாடி உருகிரும்னு கொடை புடிக்காத. வெயிலு ஆகாதது உள்ள இருக்கற மோட்டாருக்குத்தான், அதுக்குக் காத்துப் போக வழி வெட்டு.

வெட்டுறதுன்னு வந்துட்டா இது நம்ம தொழிலு. கோட்டு மேல கத்தியால லேசாக் கீறு. அறுக்காத, கீறு. அப்புறம் முன்னயும் பின்னயும் மடக்கு. கோட்டோட அதுவா பிட்டுக்கிட்டு வரும். சக்கர வளைவுக்கு மட்டும் வளைஞ்ச கத்திரி. வெட்டுன எடத்துல கூர் மூலை விட்டியோ, அங்கருந்துதான் விரிசல் ஓடும். மூலைய உருட்டி, விளிம்புல உப்புத்தாளைப் போடு. போஸ்டு ஓட்டைய ரீமர்ல சின்னதா ஆரம்பிச்சுப் பெருசாக்கு. பெருசாப் போட்ட ஓட்டையச் சின்னதாக்கற வித்தை எந்தப் பட்டறையிலயும் இல்ல.

பெயிண்ட் உள்பக்கம் அடிக்கறது. அது தெரியாம வெளிய அடிச்சவனும் இருக்கான், யாருன்னு கேக்காத, இந்த வீட்டுலதான் இருக்கான். மொதல்ல சோப்புத் தண்ணியில கழுவு, பாத்திரம் கழுவுற சோப்பே போதும். கண்ணாடிக்கு மாஸ்க் ஒட்டு. கறுப்பு, நீலம்னு அடர் நெறம் மொதல்ல, வெளிர் நெறம் அப்புறம். கண்ணைப் பறிக்கற ஆரஞ்சு அடிச்சா அதுக்குப் பின்னால வெள்ளை கொடு, இல்லாட்டி மங்கிப் போகும். பாலிகார்பனேட்டுக்குன்னே பெயிண்ட் இருக்கு. தமியா டப்பாவுல பிஎஸ்னு போட்டிருந்தா அது. டிஎஸ்னு இருந்தா கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு. ஹார்டுவேர் கடை எனாமல் மலிவுதான். மொத இடியிலயே செதில் செதிலா உள்ளுக்குள்ள கொட்டும். வெளிப்பக்கத்து மெல்லிசு ஃபிலிம எல்லாம் முடிஞ்சப்பெறகு உரி. பெயிண்ட் அடிக்கும்போது ஜன்னலத் தொறந்து வையி, ஒங்க பாட்டி ஆஸ்துமாக்காரி.

நெறம்? அழகர் பச்சைப் பட்டு உடுத்தி ஆத்துல எறங்குனா ஊரு செழிக்கும்பாய்ங்க. நீ பச்சை அடிச்சீன்னா பில்லுக்குள்ள விழுந்த வண்டியத் தேடிப் பொழுதைக் கழிப்ப. மூக்குக்கு ஒரு நெறம், வாலுக்கு ஒரு நெறம் அடி. தூரத்துல இருந்து பாக்கையில வண்டி வருதா போகுதான்னாவது தெரியும்.

ஆக, கெட்டித் தகடு, பின்பக்கம் அமுக்குற பாடி, ஒண்ணே ஒண்ணு வாங்கு. விரிசல் விட்டா உள்ளுக்குள்ள ஜிப்சம் பலகைக்கு ஒட்டுற வலை டேப்ப வச்சு மேல ஷூ கூ பசையத் தடவு, ஒரு சீசன் தாங்கும். ரெண்டாவது பாடி, முட்டாம பத்து ரவுண்டு ஓட்டிக் காட்டுனப்பெறகு நானே வாங்கித் தாரேன். அதுவரைக்கும் உள்பக்கம் ஒம்பேரையும் போன் நம்பரையும் பெருசா எழுதி வையி. எவன் வயக்காட்டுல போயி விழும்னு தெரியாதுல்ல.