முட்டுச்சந்துக்குத் திறப்பு விழா

1693-இல் புதுச்சேரியைப் பிடித்த டச்சுக்காரன் ஆறே வருஷம்தான் இருந்தான். 1699-இல் பிரெஞ்சுக்காரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். ஆனால் அவன் கட்டம் கட்டமாக வரைந்த வரைபடத்தின் மேல்தான் நகரம் எழுந்தது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியும் அந்தக் கட்டம் அழியவில்லை. இன்றைக்கும் அங்கே ஒரு தெருவில் குழி தோண்டினால் அடுத்த தெருவில் புகுந்து போகலாம்.

அதே புதுச்சேரியில் சேதராப்பட்டுப் பக்கம் வாருங்கள். இங்கே அந்நியன் யாரும் ஆளவில்லை. நாம் ஓட்டுப் போட்டவர்கள்தான்.

மல்லாட்டை விளைந்த கொல்லைகளில் கல் நட்டு மனை போட்டாயிற்று. முகப்பில் வளைவு, வளைவில் ஒரு சாமி பெயர், உள்ளே தார்ச்சாலை. முந்நூறு அடி நடந்தால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு நகர். அதன் தெருவும் அதே சுவரில்தான் முட்டும். மீன்குழம்பு வாசனை சுவர் தாண்டி வரும். கிண்ணத்தில் குழம்பு வர வேண்டுமானால் மெயின்ரோடு போய்ச் சுற்றி வர வேண்டும்.

மனை போடுகிறவர்களின் சாமர்த்தியம் ஒன்று உண்டு. தெருவைத் தானமாக எழுதிக் கொடுப்பார்கள். தெருமுனையில் ஓரடியை மட்டும் தம் பெயரில் வைத்துக்கொள்வார்கள். பக்கத்துக் கொல்லைக்காரன் நாளைக்கு வழி கேட்டு வருவானே, அப்போது அந்த ஓரடி என்ன விலைக்குப் போகும்! கர்ணன்கூடக் கவசத்தை இப்படி ஓரம் நறுக்கிக் கொடுக்கவில்லை.

கிறிஸ்டோபர் பாரிங்டன்-லீ, ஆடம் மில்லர்ட்-பால் என்ற இரு ஆய்வாளர்கள் உலகத் தெருக்களைக் கணினியில் அளந்து, 1975-க்குப் பிறகு போட்ட தெருக்கள் ஒன்றோடொன்று சேர்வது குறைந்துகொண்டே வருகிறது, ஒருமுறை போட்டுவிட்டால் மாற்றுவதும் கடினம் என்று 2020-இல் எழுதினார்கள். பாவம், இங்கே வந்து கேட்டிருந்தால் ஒரு டீக்குச் சொல்லியிருப்போம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு வானூரும் லேசுப்பட்டதல்ல. அனுமதியில்லா மனைகளுக்குத் தமிழ்நாடு 2017-இல் வரன்முறை விதி கொண்டுவந்தது. கட்டணம் கட்டினால் முட்டுச்சந்துக்கும் முத்திரை.

சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சேதராப்பட்டிலும் கரசூரிலும் நூற்றுக்கணக்கான ஏக்கரை எடுத்து, பத்து வருஷத்துக்கு மேல் புல் முளைக்கவிட்டது புதுச்சேரி அரசு. அதற்கு இரண்டு தெருவைச் சேர்க்க ஓரடி நிலம் எடுக்கத் துப்பில்லை! சாராயக்கடைக்குப் போகிற வழி மட்டும் எந்தச் சுவரிலும் முட்டுவதில்லை.

அடுத்த நகருக்குத் திறப்பு விழா வரும். ரிப்பனை வளைவில் கட்டாதீர்கள். கடைசிச் சுவரில் கட்டுங்கள். மாண்புமிகுவின் கார் உள்ளே வரட்டும். வெட்டி, கைதட்டி முடித்து ரிவர்ஸ் எடுக்கும்போது, பின்னால் எங்கள் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருக்கும்.