மச்சினனும் கங்காருவும்

பெர்த்தில் இருக்கும் என் மச்சினன் அனுப்பும் படங்களில் கங்காரு இல்லாதது அவன் கல்யாண ஆல்பம் ஒன்றுதான். கடைசியாக வந்தது லக்கி பே கடற்கரை. வெள்ளை மணலில் ஒன்று காலை நீட்டிப் படுத்திருக்கிறது. கீழே, "மட்டாஞ்சேரியில இதுமாதிரி உண்டா அத்தான்?"

உண்டு. ஃபோர்ட் கொச்சியில் வைப்பின் படகில் ஏறினால் அழிமுகத்தில் திமில்முதுகு டால்பின் வரும். சீன வலைக்குப் பக்கத்திலேயே, வாடகையில்லாமல் மீன் பிடிக்கும். தொல்லை என்னவென்றால், முதுகைக் காட்டுவது ஒரு நொடி. நான் போனை எடுப்பதற்குள் மூழ்கிவிடும். அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, "தண்ணி நல்லா இருக்கு அத்தான்" என்றான்.

அதன்பிறகு கங்காருவா டால்பினா என்பது மானப் பிரச்சினை.

செங்கங்காரு ஒரே தாவலில் 8 மீட்டர் போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னால் நகர்வது அதற்குப் பெரும்பாடு. 2022 ஏப்ரலில் மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரிப் பக்கம் சாலையோரத்தில் கங்காரு நின்றது, கடத்தி வந்தவர்கள் விட்டுப்போனது. அதை எங்கள் பஜார் ரோட்டில் விட்டிருந்தால் தெரிந்திருக்கும். மிளகு மூட்டை லாரி எதிரே வரும்போது பின்வாங்கத் தெரியாத பிராணிக்கு மட்டாஞ்சேரியில் பிழைப்பில்லை.

புல் மேய்வதால் சாது என்றும் நம்பிவிடக் கூடாது. நாய் துரத்தினால் குளத்தில் இறங்கி நிற்கும். கிட்டே வரும் நாயை முன்னங்கையால் பிடித்துத் தண்ணீரில் அமுக்கும். டால்பினோ தூங்கும்போதும் மூளையில் பாதியை விழித்தபடி வைத்திருக்கும். எங்கள் தெரு வாட்ச்மேனிடம் அந்தப் பாதியும் கிடையாது.

வயிறுதான் வேடிக்கை. புல்லை ஊறவைத்துச் செரிக்கும் கங்காருவுக்குப் பல பகுதிகளாக வயிறு இருப்பது நியாயம். மீனை மெல்லாமல் விழுங்கும் டால்பினுக்கும் அறை அறையாகவே இருக்கிறது. அதன் முன்னோர், மாடும் நீர்யானையும் வந்த குளம்புக்கார வம்சம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலுக்குக் குடிபோனவர்கள் காலை விட்டார்கள், ரோமத்தை விட்டார்கள், வயிற்றை விடவில்லை.

தீர்ப்புக்கு என் மனைவியிடம் போனோம். நடுவர் எதிர்க்கட்சிக்கு அக்கா என்பதை நான்தான் கவனித்திருக்க வேண்டும். ஒரு கிராம்கூட இல்லாமல் பிறந்து, தானே ஊர்ந்து பைக்குள் ஏறும் குட்டியைப் பற்றிப் படித்ததும் அவள் கண் கலங்கியது. பையை விட்டு வந்த பிறகும் மாதக்கணக்கில் தலையை உள்ளே விட்டுப் பால் குடிக்குமாம். உள்ளே அடுத்த குட்டி வேறு; இரண்டுக்கும் தனித்தனிப் பால்.

"கங்காருதான் ஜெயிச்சது" என்றாள்.

"ஆமாமா, உன் தம்பி மாதிரிதான். பெர்த் போயும் உங்கம்மா கையால சுட்ட முறுக்கு பார்சல் போகுதே!"

"அதே முறுக்குல பாதி இங்கேயும் வருதே, அது எந்தப் பிராணிக்காம்?"