கிரேடர் என்னும் பொதுக் கணக்கு: ஓர் ஆய்வு

பல்கலைக்கழகப் பாடங்களின் ஒப்படைப்புகளைத் திருத்துவதற்கெனச் சர்வரில் உருவாக்கப்படும் பொதுக் கணக்கு, பெரும்பாலும் ‘கிரேடர்’ என்ற பெயரையே தாங்கி நிற்பது. பாடத்தின் ஆசிரியரும், அவருக்குக் கீழ் விடைகளைத் திருத்தும் கற்பித்தல் உதவியாளர்களும், சென்ற ஆண்டு உதவியாளராக இருந்துவிட்டு இவ்வாண்டு பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டவரும், ஒருமுறை அவசரம் என்று சொல்லிக் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிய பக்கத்து ஆய்வகத்து உதவியாளரும் ஒரே பெயரில் நுழைந்து ஒரே பெயரில் வெளியேறும் வசதியை அது அளிக்கிறது. இவ்வழக்கத்தை விளக்க வேண்டியதில்லை. கணினித் துறையில் பணிபுரியும் எவரும், எந்தக் கல்லூரி என்று கேளாமலேயே, அதன் கடவுச்சொல்லை ஊகித்துவிடுவர்: முதலெழுத்து மட்டும் பெரிதாகத் துறையின் சுருக்கப் பெயர், அதன்பின் ‘அட்’ குறி, அதன்பின் ஒன்று இரண்டு மூன்று. பொதுக் கணக்கை முறையாக அமைப்பது எவ்வாறு என்பது இக்கட்டுரையின் இறுதியில் படிப்படியாக விளக்கப்படும். அதற்குமுன் சில அடிப்படைகளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

ஒரே கணினியைப் பலர் தத்தம் முனையங்களில் அமர்ந்து ஒரே வேளையில் பயன்படுத்தும் முறைக்குக் காலப்பகிர்வு என்று பெயர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில் உருவாகி 1961-இல் முதன்முதலாகச் செய்து காட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பு அம்முறையின் முன்னோடிகளுள் ஒன்று. அதில் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகளும் அளந்து கொடுத்த கணினி நேரமும் இருந்தமையால், ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல்லும் வழங்கப்பட்டது. 1962-இல், வாரத்துக்கு ஒதுக்கப்பட்ட நான்கு மணி நேரம் தமது ஆய்வுக்குப் போதாதென்று கண்ட ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை வழியாகக் கணினியிடமே கேட்டு, வெள்ளிக்கிழமை இரவு கேட்டதைச் சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துச் சென்றார். இதைப் பல ஆண்டுகளுக்குப் பின் அவரே வெளியிட்டார். கடவுச்சொல்லும், பிறர் கடவுச்சொல்லைக் கொண்டு காரியம் பார்க்கும் ஆராய்ச்சி மாணவரும், ஆகவே ஏறத்தாழ ஒரே வயதினர்.

அதே அமைப்பில் நிகழ்ந்த மற்றொன்று இப்பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அங்குக் கோப்புகளைத் திருத்தும் நிரல் தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைச் சூட்டி வந்தது. ஒரு கோப்பகத்தில் ஒரு வேளையில் ஒருவர்தான் வேலை செய்வார் என்பது அதை வடிவமைத்தவர்களின் நம்பிக்கை. நிர்வாகிகள் இருவர் ஒரே கோப்பகத்தில் ஒரே நேரத்தில் இறங்கி, ஒருவர் கடவுச்சொற் கோப்பையும் மற்றவர் அன்றைய அறிவிப்பையும் திருத்தியபோது இரண்டும் இடம் மாறிப்போயின. அதன்பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்பாக அனைவருடைய கடவுச்சொற்களும் முனையத்தில் அச்சிடப்பட்டன. 1990-ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றபோது ஆற்றிய உரையில் கோர்பாட்டோ இதை எடுத்துரைத்துள்ளார். எச்சரிக்கை அன்றிலிருந்தே அச்சில் கிடைக்கிறது. அதைப் படிக்கும் பொறுப்பும் துறையில் பொதுவாக எல்லோருக்கும் ஒப்படைக்கப்பட்டிருப்பதால், எவரும் படித்ததாகத் தெரியவில்லை.

இவ்வாய்வுக்கு உடனடித் தூண்டுதல் இப்பருவத்தின் உள்மதிப்பீட்டுப் பட்டியல். வெள்ளிக்கிழமை மாலை இருபதுக்குப் பதினெட்டு என்றிருந்த ஒரு மாணவியின் மதிப்பெண், திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் எட்டாக நின்றது. சர்வரில் எவர் எப்போது எதைச் செய்தார் என்பதைத் தானாகவே குறித்துவைக்கும் கோப்புக்கு நிகழ்வுப் பதிவேடு என்று பெயர். அது பொய் சொல்வதில்லை. மாற்றியவர் யார் என்ற கேள்விக்கு அது ‘கிரேடர்’ என்று உண்மையையே விடையாகத் தந்தது. நுழைந்த கணினியின் இணைய முகவரியைப் பார்த்தால், ஆய்வகம் முழுவதும் வெளியுலகுக்கு ஒரே முகவரியில் தோன்றுமாறு அமைக்கப்பட்டிருப்பது புலனாயிற்று. இட்ட கட்டளைகளைச் சேமித்துவைக்கும் வரலாற்றுக் கோப்பு ஒன்று உண்டு; ஆனால் இயல்பான அமைப்பில் அது கட்டளையைக் குறிக்குமே தவிர நேரத்தைக் குறிக்காது என்பதும், பலர் ஒரே கணக்கில் ஒரே நேரத்தில் இருந்தால் கடைசியாக வெளியேறுபவரின் வரலாறே, மற்றவர்களுடையதை அழித்துவிட்டு, எஞ்சக்கூடும் என்பதும் அன்றுதான் துறையில் பலருக்குத் தெரியவந்தது. உதவியாளர்கள் தனித்தனியாக அழைத்து விசாரிக்கப்பட்டனர். “நான் இல்லை சார், கிரேடர்தான் போட்டிருக்கு” என்று அனைவரும் ஒரே சொற்களில் கூறினர். மதிப்பெண் மீண்டும் பதினெட்டாக்கப்பட்டது. திருத்தியவர் பெயர் பதிவேட்டில் ‘கிரேடர்’ என்றே காணப்படுகிறது.

இவ்விடத்தில் அனுமதி எண்களைப் பற்றிச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸும், அதன் வழியில் வந்த லினக்ஸும், ஒவ்வொரு கோப்பைப் பொறுத்தும் மக்களை உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என மூன்றாகப் பகுக்கின்றன. படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1 என்பன மதிப்புகள். ஒவ்வொரு வகையினருக்கும் உரியவற்றைக் கூட்டி எழுதினால் மூன்று இலக்க எண் ஒன்று கிடைக்கும். 750 என்றால் உரிமையாளருக்கு அனைத்தும் உண்டு, குழுவினர் படிக்கலாம், இயக்கலாம், ஏனையோருக்கு ஒன்றும் இல்லை. இவ்வாறு 512 வகையான அனுமதிகள் இயலும். இந்த ஐந்நூற்றுப் பன்னிரண்டில், கணினித் துறைகளில் புழக்கத்தில் உள்ளது ஒன்றே ஒன்று, அது 777.

எல்லோரும் எல்லாவற்றையும் செய்யலாம் என்பது 777-இன் பொருள். கோப்பு திறக்கவில்லை என்றாலும், நிரல் ஓடவில்லை என்றாலும், மதிப்பெண் ஏறவில்லை என்றாலும், பிரிண்டர் காகிதத்தை இழுக்கவில்லை என்றாலும் முதலில் செய்துபார்க்கப்படுவது இதுவே. “ட்ரிபிள் செவன் குடுத்துட்டேன் சார், இப்ப பாருங்க” என்ற தொடர் ஆய்வகங்களில் ஒலிக்கும்போது அதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அதைக் கேட்ட பேராசிரியர், என்ன கொடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று வினவுவதில்லை; வேலை நடக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். வேலை நடக்கிறது. பிறர் வேலையும் நடக்கிறது.

இவ்வெண்ணை நாடுவோர் அனைவரும் அறியாமையால் நாடுகின்றனர் என்று கொள்வது தவறு. உதவியாளர்களுக்கென ஒரு குழுவை உருவாக்கி, கோப்பகத்தை அக்குழுவுக்கு உரியதாக்கி, 770 என்று அமைப்பதே முறை என்பதைப் பலரும் அறிவர், செய்தும் பார்க்கின்றனர். புதிதாகக் குழுவில் சேர்க்கப்பட்டவர், ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் அவருடைய புதிய உறுப்புரிமை செல்லுபடியாகும் என்பதை எவரும் அவருக்குச் சொல்வதில்லை. அவர் நுழைந்தபடியே அமர்ந்து, அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தியைப் பலமுறை பெற்று, குழு என்பதே ஏட்டுச் சுரைக்காய் என்ற முடிவுக்கு வந்து, 777 இடுகிறார். வெளியேறி நுழைந்தவருக்கோ அடுத்த இடர் காத்திருக்கிறது. அவர் பொதுக் கோப்பகத்தில் புதிதாக உருவாக்கும் கோப்பு, பொதுக் குழுவுக்கு அன்றி அவருடைய சொந்தக் குழுவுக்கு உரியதாகிவிடுகிறது. கோப்பகத்தின் குழுவையே உள்ளே பிறக்கும் கோப்புகளும் பெற வேண்டுமாயின், அனுமதி எண்ணின் முன்னால் ஒரு 2 சேர்த்து 2770 என்று எழுத வேண்டும். இந்த நான்காம் இலக்கத்தை அறிந்தவர் துறைக்கு ஒருவர் இருப்பார். அவர் விடுப்பில் இருப்பார். மற்றவர் 777 இடுகிறார்.

777 பற்றி இன்னும் ஒன்று. கோப்பகம் ஒன்றுக்கு மட்டும் அன்றி, அதனுள் இருக்கும் அனைத்துக்கும், அவற்றினுள் இருக்கும் அனைத்துக்கும் ஒரே வீச்சில் அனுமதியைப் பரப்ப, கட்டளையுடன் பெரிய ‘ஆர்’ என்னும் எழுத்தைச் சேர்ப்பதுண்டு. அவ்வாறு பரப்பப்பட்ட சர்வரில், ஒப்படைப்பு நாளுக்கு முந்தைய இரவு, வகுப்பு முழுவதும் வகுப்பு முழுவதன் விடைகளையும் படிக்க இயலும், படிக்கின்றது. மறுநாள் ஒரே விடை, ஒரே மாறிகள், ஒரே எழுத்துப்பிழை கொண்ட குறிப்புரையுடன் அறுபது படிகளில் வந்து சேர்கிறது. உடனே பேராசிரியர், நிரல்களுக்கிடையே ஒற்றுமையைக் கண்டறியும் ‘மாஸ்’ என்னும் கருவியை நாடுகிறார். அலெக்ஸ் ஐக்கன் 1994-இல் உருவாக்கிய அக்கருவி, மாறிகளின் பெயரை மாற்றினாலும் ஏமாறாது. எவரும் மாற்றியிருக்கவில்லை. தனது துறையே திறந்து வைத்ததைத் தனது மாணவர் எடுத்துக்கொண்டமை குறித்து ஒழுக்க வீழ்ச்சி என்ற தலைப்பில் அரை மணி நேரம் பேசப்படுகிறது.

மேலும் ஒன்று. கடவுச்சொல்லுக்குப் பதிலாக, சாவி எனப்படும் இணைக் கோப்புகளைக் காட்டித் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி ஒன்று உண்டு. கணக்கின் முகப்புக் கோப்பகத்தில் பிறர் எழுத இயலும் என்று கண்டால், அந்தச் சாவியை நம்பக் கூடாது என்பது அவ்வழியைக் காக்கும் நிரலின் இயல்பான விதி. எனவே கிரேடர் கணக்கு முழுவதற்கும் 777 இட்டவுடன், சர்வரில் உள்ள எவரும் அதன் கோப்புகளைத் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். சாவியை முறையாக வைத்திருந்த ஒரே ஓர் உதவியாளர் மட்டும் உள்ளே வர இயலாது. அவர் கடவுச்சொல் கேட்டு வந்தார். அது அவருக்கும் சொல்லப்பட்டது. ஒழுங்காக இருந்த ஒருவரையும் வரிசையில் கொண்டுவந்து நிறுத்தும் இந்த ஆற்றல் துறையின் வேறெந்தச் சுற்றறிக்கைக்கும் இல்லை. 777 பற்றி இவ்வளவு போதும். மறுநாளைய காப்புப்படி எடுக்கும்போது அதன் அனுமதிகளும் சேர்த்தே காக்கப்படுகின்றன என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

இவற்றுக்கெல்லாம் தீர்வு இல்லாமல் இல்லை, பழையதே உண்டு. மாணவர் தமது விடையைப் போட இயல வேண்டும், பிறர் விடையைப் பார்க்க இயலக் கூடாது என்பதே தேவை. கோயில் உண்டியலும் அதே தேவைக்காகவே வாய் குறுகலாகச் செய்யப்பட்டது. கோப்பகத்துக்கு 733 என்று இட்டால், ஏனையோர் உள்ளே கோப்பைப் போடலாம், என்னென்ன உள்ளன என்று பட்டியல் பார்க்க இயலாது. ஜுபிட்டர் குறிப்பேடுகளாக வரும் ஒப்படைப்புகளைத் திருத்தப் பயன்படும் என்.பி.கிரேடர் என்னும் மென்பொருள், வரவுக் கோப்பகத்தை இந்த வகையிலேயே அமைக்கிறது. ஒரு நிரலை எவர் இயக்கினாலும் அது தன் உரிமையாளரின் அதிகாரத்துடன் ஓடும் வழியை டென்னிஸ் ரிட்சி கண்டு, அதற்கு 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். மாணவர் இயக்கும் ஒரு சிறு நிரல், மாணவர் நுழைய இயலாத கோப்பகத்தில் விடையைக் கொண்டுபோய் வைக்க அதுவே போதும்.

பொதுக் கணக்கு என்பதே தவறு என்று இக்கட்டுரை கூறவில்லை. என்.பி.கிரேடரின் கையேடே பாடத்துக்கு ஒரு கணக்கை உருவாக்கி, கோப்புகளை அதன் பெயரில் வைக்கச் சொல்கிறது. ஆனால் உதவியாளர் ஒவ்வொருவரும் தத்தம் பெயரில் நுழைந்தே அதை அணுகுவர். சாதாரண லினக்ஸ் சர்வரிலும், தம் கணக்கில் நுழைந்தவருக்கு, ‘சுடோ’ என்னும் கட்டளை வழியாக மட்டும் கிரேடராகச் செயல்பட அனுமதி தரலாம். அப்போது யார் கிரேடர் ஆனார் என்பது பதிவேட்டில் நிற்கும். துறை இதை விரும்பாமைக்குக் காரணமும் அதுவே. பெயர் தெரியாமல் வேலை நடப்பது ஒரு குறையாக அல்ல, ஒரு சலுகையாகவே கருதப்படுகிறது என்பதை, பதினெட்டு எட்டான வாரத்தில் துறைக் கூட்டத்தில் நிலவிய அமைதியைக் கண்டவர் ஒப்புக்கொள்வர். கிரேடரைப் பற்றிப் புகார் கூறலாம், கிரேடரைக் கண்டிக்கலாம். மாணவியின் தந்தை நேரில் வந்தபோது, கிரேடர் சார்பில் துறைத் தலைவரே வருத்தமும் தெரிவித்தார்.

இனி, முறையாக அமைக்கும் வழி. முதற்படி, உதவியாளர் ஒவ்வொருவருக்கும் சர்வரில் தனிக் கணக்கு பெறுவது. அதற்குரிய படிவத்தை இரண்டு பிரதிகளில் நிரப்பி, பாட ஆசிரியர், துறைத் தலைவர் ஆகியோரின் கையொப்பத்துடன் கணினி மையத்துக்கு அனுப்ப வேண்டும், எம்.டெக். மாணவராயின் அடையாள அட்டை எண் அவசியம். அட்டை இன்னும் அச்சாகி வரவில்லையெனில் கட்டணச் சீட்டின் நகலை இணைக்கலாம் என்று சிலரும், இணைக்கக் கூடாது என்று சிலரும் கூறுகின்றனர். படிவம் இணையதளம் வழியாகவும் ஏற்றப்பட வேண்டும். அதற்குள் நுழையத் துறைக்கு ஒரு கணக்கு உள்ளது, கடவுச்சொல்லை அலுவலகத்தில் எவரிடமும் கேட்கலாம். இப்பருவத்துக்கான விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகவும், பருவத் தேர்வுகள் முடிந்தபின் கணக்குகள் வழங்கப்படும் என்றும் பதில் வந்துள்ளது. இரண்டாம் படி முதலாய எஞ்சிய படிகள் முதற்படி நிறைவேறியபின்னரே பொருந்துவன ஆதலின், அவை இங்குக் கூறப்படவில்லை.