மூட்டை கட்டிய பெட்டி

தானே பூட்டிக்கொள்ளும், தன் எடை சொல்லும், இருக்குமிடத்தைக் கைபேசிக்குக் காட்டும். புளூஸ்மார்ட் என்ற அந்த அதிமேதாவிப் பெட்டிக்கு 2014இல் இண்டிகோகோ என்ற நிதி திரட்டும் தளத்தில் மக்கள் 20 லட்சம் டாலருக்கு மேல் முன்பணம் கொட்டினார்கள். வயிற்றுக்குள்ளிருந்த லித்தியம் பேட்டரியைத்தான் கழற்ற வழியில்லை. தீப்பிடிக்குமென்று அஞ்சிய அமெரிக்கன், டெல்டா, அலாஸ்கா விமான நிறுவனங்கள் அத்தகைய பெட்டிகளுக்கு 2018 ஜனவரி 15 முதல் தடை போட்டன. மே மாதம் கம்பெனியே மூட்டை கட்டியது. மிச்சசொச்சத்தை டிராவல்புரோ என்ற இன்னொரு பெட்டிக் கம்பெனி வாங்கிக்கொண்டது. பறக்க முடியாத பயணப்பெட்டியை வேறென்ன செய்வது, பீரோவாகவா வைக்க முடியும்?

நம்மூர் பஸ் பயணத்துக்கு இந்த அதிமேதாவித்தனம் எதுவும் வேண்டாம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கட்டைப்பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டால் போதும், எங்கே இருக்கிறதென்று செயலி சொல்ல வேண்டியதில்லை. திரும்பும்போது காபித்தூளும் மிளகும் வாங்கி நிரப்புங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள் என்று கண்டக்டர் கேட்கமாட்டார்.