கயிறு பிடிக்கிற மச்சான்

வாரும் மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரும். நேத்து சாயங்காலம் உம்ம மிளகா நாத்தங்கால் வழியாத்தான் வந்தேன். கூப்பிடலை. பார்க்க அம்புட்டு அழகா இருந்துச்சு! டெப்போவுல வாங்கின வேம் பொடியைக் கோயில் விபூதி கணக்கா பாத்தி மேல எறிஞ்சுக்கிட்டு வந்தீரு. பின்னாலயே டிஏபி வாளி. அதுக்கும் பின்னால பூசணக்கொல்லித் தண்ணி. விருந்தாளிக்கு இலையும் போட்டு, சோத்துல வெஷமும் வச்ச மொத ஆளு நீருதான்வே.

வேம்னா வேர் உட்பூசணம். அது ஒரு பூசணம். பூசணக்கொல்லி அதை மட்டும் கும்பிட்டு விட்டுருமா?

அந்தப் பூசணம் பார்க்கிற வேலை புரியணும்னா ஒரு பழைய கதையைக் கேளும். எனக்கு விவரம் தெரிஞ்ச வயசுல தூத்துக்குடியில முத்துச் சலாபம், அதான் முத்துக்குளிப்பு, நடந்துச்சு. 1961-க்கு அப்புறம் நின்னுபோச்சு. குளியாள் கல்லுல கால வச்சு அடிக்குப் போயிருவான். வள்ளத்துல கயிறு பிடிக்க அவன் பெண்டாட்டிகூடப் பிறந்த மச்சானைத்தான் வைப்பாவளாம். தங்கச்சி தாலியில கை வைக்க எவனுக்கு மனசு வரும்? என் மவன் கையில கயித்தைக் கொடுத்துட்டு நீரு முங்கினீருன்னா, அவன் செல்லு பார்த்துக்கிட்டு நிப்பான். அது வேற கதை.

இங்க குளியாள் பூசணம், மச்சான் வேரு. நம்ம கரிசல்ல சுண்ணாம்பு சாஸ்தி. மணிச்சத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு விடாது. வேரு தன்னைச் சுத்தி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் மண்ணுல உள்ளதைத் தின்னு தீர்த்துட்டு ‘ஆத்தாடி’ன்னு உக்காந்துரும். பூசணத்தோட இழை வேர்த்தூவியைவிட மெல்லிசு. சில சென்டிமீட்டர் தள்ளிப் போயி இண்டு இடுக்குல இருந்து அள்ளிக்கிட்டு வந்துரும். சும்மா இல்லைவே. செடி சமைக்கிற சர்க்கரையில 5-ல ஒரு பங்கு வரைக்கும் அதுக்குக் கூலி. வெள்ளைக்காரன் சலாபத்துல குளியாளுக்கு மூணுல ஒரு பங்கு. அதைப் பார்க்க இது மலிவுதான்.

மணிச்சத்து உரமான டிஏபியை நீரு கொட்டினா என்னாவும்? வள்ளத்துலயே முத்து குவியுதேன்னு மச்சான் கயித்தை விட்டுருவான். சர்க்கரை நின்னுபோச்சுன்னா பூசணத்துக்குப் பொழைப்பு இல்லை. உசுருள்ள வேரு இல்லாம அது வளரவே வளராது; மக்காச்சோள வேருல வளர்த்துத்தான் பாக்கெட்டு போடுதாவ. டிஏபியே வேண்டாம்னு சொல்லலை, அளவுன்னு ஒண்ணு இருக்குல்லா?

வேம் பொடியைத் தூவாதீரும். நாத்தங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம். விதைக்குக் கீழ 2, 3 சென்டிமீட்டர் ஆழத்துல போட்டு, அதுமேல விதையைப் போடும். இறங்குற வேரு நேரா அதும் மடியில விழணும். உம்ம வீட்டுக்காரி முள்ளங்கி போட்டிருக்காளே, அந்தப் பாத்தியில போட்டு வீணாக்காதீரும். முள்ளங்கி, கடுகு, கோசு இதுக எல்லாம் இந்த விருந்தாளியை வாசப்படி ஏத்தாது.

நாளைக்கு வரும்போது மண் பரிசோதனை அட்டையை எடுத்துட்டு வாரும். மணிச்சத்து ஏற்கெனவே கூடிக் கெடந்துச்சுன்னா இந்தப் பொடி வாங்கின காசே தெண்டம்தான்.