கான்ட்ராக்டர் நடத்திய யுத்தம்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தை நடத்திய பெரிய மனிதர்களின் பட்டியலைப் பிரித்தாலே குதிரைச் சாணம் மணக்கும். தலைமைத் தளபதி ஹெய்க், குதிரைப்படை. ஆலன்பி, குதிரைப்படை. காஃப், குதிரைப்படை. பிங்கும் அதே லாயம்தான். எதிரே முள்கம்பி, அதன் பின்னால் இயந்திரத் துப்பாக்கி, நடுவே முழங்கால் சேறு. இவர்களோ, “எங்கேயாவது ஓர் ஓட்டை விழட்டும், குதிரையை உள்ளே விட்டுவிடலாம்” என்று வருடக்கணக்கில் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டை விழுந்தது ஆட்களின் மேல்தான். 1916 ஜூலை 1 அன்று சோம் ஆற்றங்கரையில் பிரிட்டிஷாரின் ஒருநாள் சேதக் கணக்கு 57,470 பேர். அதில் 19,240 பேர் பிணம். மறுநாளும் தாக்குதல் தொடர்ந்தது.

இந்தக் கூட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டவர் ஜான் மோனாஷ். தொழில், மெல்போர்னில் பாலம் கட்டுவது. ராணுவ அனுபவம், வேலை முடிந்த மாலைகளிலும் விடுமுறைகளிலும் சீருடை போட்டது. நம்மூர் டெரிட்டோரியல் ஆர்மி மாதிரி ஒரு பகுதிநேரப் பட்டாளம் அது. பூர்வீகம், பிரஷ்யா. மதம், யூதம். போதாக்குறைக்குக் கொஞ்சம் தொந்தி. லண்டன் கிளப்புகளில் ஒரு மனிதரை வேண்டாம் என்று சொல்ல இதில் ஒரு காரணமே போதும். இவரிடம் முழு செட்டும் இருந்தது.

பிறந்தது 1865-ல், மெல்போர்னில். அப்பா ஜெரில்டெரி என்ற ஒதுக்குப்புற ஊரில் கடை வைத்தார். 1879-ல் பிரபல கொள்ளைக்காரன் நெட் கெல்லி அந்த ஊர் வங்கியைச் சூறையாடினான். சிறுவயதில் கெல்லியைச் சந்தித்ததாக மோனாஷ் பின்னாளில் சொல்லிக்கொள்வார். அந்தச் சந்திப்புக்கு ஒரே சாட்சி மோனாஷ்தான்.

பள்ளியில் முதல் மாணவன். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வருடமே ஃபெயில். வகுப்புக்குப் போகாமல் நாடகக் கொட்டகைக்கும் பொது நூலகத்துக்கும் போனால் வேறென்ன ஆகும்? பிறகு ரோஷம் வந்து சிவில் இன்ஜினீயரிங், ஆர்ட்ஸ், சட்டம் என்று மூன்று துறைகளில் பட்டம் வாங்கிக் குவித்தார். நடுவில் அம்மா இறந்துபோக, படிப்பை நிறுத்திவிட்டுப் பாலக் கட்டுமானத்தில் வேலைக்குப் போனார். இன்ஜினீயர் பட்டம் கைக்கு வருவதற்கு முன்பே, இருபத்து மூன்று வயதுக்குள், ஒரு ரயில் பாதைக் கட்டுமானத்துக்கு அவர்தான் பொறுப்பு.

அந்த ரயில் பாதை வேலையில்தான் ஒரு விபரீதம். உடன் வேலை பார்த்தவரின் மனைவியோடு காதல். ஓடிப்போவது வரை ஏற்பாடு. புருஷன் நடுத்தெருவில் மறித்துக் கைகலப்பாகி, மனைவியை ஊரைவிட்டே கூட்டிக்கொண்டு போய்விட்டார். எதிரியின் பலத்தைக் கணக்குப் போடாமல் மோனாஷ் இறங்கிய தாக்குதல் இது. 1891-ல் விக்டோரியா மாஸ் என்ற பெண்ணை, யாரும் மறிக்காத முறையில், கல்யாணம் செய்துகொண்டார்.

பட்டாளத்துக்கு வருவோம். 1884-ல் பல்கலைக்கழகப் படைப்பிரிவு, 1887-ல் துறைமுகத்தைக் காக்கும் பீரங்கிப் படை. யாரும் படையெடுத்து வராத துறைமுகத்தை வருடக்கணக்கில் காத்தார். பயிற்சிக்கென்று மரத்தில் ஒரு பீரங்கிகூட வடிவமைத்தார். நிஜ வெடி வெடிக்காது என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் இல்லை. சம்பளத்துக்கு ராணுவத்தில் இருந்தவர்கள் இந்தப் பகுதிநேரக்காரர்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

வயிற்றுப்பாட்டுக்குக் காங்கிரீட். மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர், பூந்தொட்டி உடையாமல் இருக்க சிமென்ட்டுக்குள் இரும்புக் கம்பி வலையை வைத்துப் பார்த்து 1867-ல் காப்புரிமை வாங்கினார். அந்தப் பூந்தொட்டி வித்தையை வைத்து மோனாஷும் அவர் பங்காளி ஆண்டர்சனும் ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டினார்கள். மெல்போர்னில் 1899-ல் கட்டிய பாலம் இன்றும் நிற்கிறது. ஜீலாங் பக்கம் ஃபயன்ஸ்ஃபோர்டில் கட்டியதும் நிற்கிறது. நிற்காமல் போனது பணம்தான். ஃபயன்ஸ்ஃபோர்டு பாலத்துக்குக் காசு தர வேண்டிய உள்ளாட்சிக்காரர்கள் பாலத்தை வாங்கிக்கொண்டு பில்லைத் திருப்பி அனுப்பினார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. கையில் சட்டப் பட்டம் இருந்தும் கடைசியில் மிஞ்சியது கடன்.

1901-ல் அதைவிடப் பெரிய அடி. பெண்டிகோ நகரில் புதிதாகக் கட்டிய பாலத்தின் மேல் எடை ஏற்றிச் சோதனை செய்தபோது வளைவு சரிந்து விழுந்தது. ஓர் உயிர் போனது. ஆற்றுக்குச் சாய்வாகப் போடும் வளைவின் கணக்கு அன்றைக்கு யாருக்கும் முழுதாகப் பிடிபட்டிருக்கவில்லை. மோனாஷ் தன் செலவில் திரும்பக் கட்டிக்கொடுத்தார்.

ராணுவக் கல்லூரி எதிலும் இந்தப் பாடம் கிடையாது. கணக்குத் தப்பினால் ஆள் சாவான், செலவு உன் தலையில், ஊர் உன்னைத்தான் கேட்கும். சோமில் ஒரு நாளில் 57,470 பேரைத் தொலைத்த தளபதிகள் யாரும் அதைத் தங்கள் செலவில் திரும்பக் கட்டித்தரவில்லை. அவர்களுக்கு ஆள் என்பது அரசாங்கம் இலவசமாக இறக்கித் தரும் மணல். கான்ட்ராக்டருக்கு எதுவுமே இலவசம் கிடையாது.

அடுத்த பத்து வருடத்தில் கடன் அடைந்தது, கம்பெனி வளர்ந்தது, டூராக் என்ற பணக்காரப் பேட்டையில் பங்களா வந்தது. 1914-ல் போரும் வந்தது. மோனாஷுக்கு வயது 49. முதல் சில வாரங்கள் அவருக்குக் கிடைத்த வேலை துணைத் தலைமைத் தணிக்கையாளர். ஜெர்மன்காரன் போலப் பெயர் வைத்திருக்கும் இவரை எப்படி நம்புவது என்று ஊரில் ஒரு புகை கிளம்பிய அதே நேரத்தில், ஊராரின் தபாலைப் பிரித்துப் படிக்கும் துறையில் இவர் உட்கார்ந்திருந்தார்!

பிறகு நான்காவது பிரிகேடுக்குத் தலைமை. 1915 ஏப்ரல் 26 அன்று துருக்கியின் கலிப்போலியில் கரையிறங்கினார். அங்கே ஒரு பள்ளத்தாக்குக்கு அவர் பெயரே வந்தது. வெற்றி வரவில்லை. ஆகஸ்டில் 971-ஆம் குன்றைப் பிடிக்க இருட்டில் கிளம்பிய அவர் படை, சரியான வரைபடம் இல்லாமல் வழி தவறித் திண்டாடியது. சைட்டைச் சரியாகப் பார்க்காமல் அஸ்திவாரம் தோண்டினால் என்ன ஆகும் என்பது கான்ட்ராக்டருக்குத் தெரிந்த விஷயம்தான். அதற்குப் பிறகு வரைபடம் இல்லாமல் அவர் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

1916-ல் மேஜர் ஜெனரல் ஆனார். மூன்றாவது டிவிஷனை இங்கிலாந்தில் பயிற்றுவித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோனார். 1918 மே மாதம் ஆஸ்திரேலியப் படைகள் மொத்தத்துக்கும் தளபதியாக அவரை நியமித்தார்கள். உடனே சொந்த வீட்டிலேயே கலகம். போர்ச் செய்தியாளர் சார்லஸ் பீனும், கீத் மர்டாக் என்ற பத்திரிகையாளரும் (இன்றைய ரூபர்ட் மர்டாக்கின் அப்பாதான், குடும்பத் தொழில்!) இவரைத் தூக்கிவிட்டு வைட் என்ற முழுநேர ராணுவ அதிகாரியை உட்கார வைக்கப் பிரதமர் ஹியூஸிடம் தூது போனார்கள். மோனாஷுக்கு மர்டாக் நீட்டிய லஞ்சம் பதவி உயர்வு: முழு ஜெனரலாக்கி, லண்டனில் நிர்வாகம் பார்க்க அனுப்புகிறோம் என்றார். ஆளை ஒழிக்க பிரமோஷன் கொடுத்து ஹெட் ஆபீசுக்கு மாற்றும் கலை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். மோனாஷ் அசையவில்லை. ஹியூஸ் நேரில் பிரான்சுக்கே வந்து அதிகாரிகளிடம் விசாரித்துப் பார்த்தார். வைட் உட்பட எல்லோரும் மோனாஷ் பக்கம். பிரதமர் வாயை மூடிக்கொண்டார்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் ஹேமல் என்ற சின்னக் கிராமத்தைப் பிடிக்கும் வேலை. மோனாஷ் அதை டெண்டர் எடுத்தவர் போலவே அணுகினார். கடைசி ஆலோசனைக் கூட்டத்தில் 133 அம்சங்கள். பீரங்கி, டாங்கி, விமானம், காலாட்படை என ஒவ்வொரு பிரிவின் ஆளும் எழுந்து தன் வேலையைச் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்க வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு யாரும் எதையும் மாற்றக் கூடாது. அரைகுறை வரைபடத்தோடு காங்கிரீட் போட ஆரம்பித்தவன் கதி என்னவென்று அறிந்தவர் போட்ட விதி.

ஏற்பாடுகளும் அப்படியே. முந்தைய நாட்களில் விஷவாயுவையும் புகையையும் சேர்த்தே வீசினார்கள். புகையைக் கண்டதும் முகமூடி மாட்டிக்கொள்ள ஜெர்மானியர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. தாக்குதல் நாளில் வீசியது வெறும் புகை. அவர்கள் முகமூடிக்குள் மூச்சுத் திணற, ஆஸ்திரேலியர்கள் வெறும் முகத்தோடு போய் நின்றார்கள். டாங்கிச் சத்தம் கேட்காமலிருக்க மேலே விமானங்களைப் பறக்கவிட்டார். தோட்டாக்கள் பாராசூட்டில் இறங்கின. 1,200 பேர் தலையில் சுமக்க வேண்டிய சாமானை நான்கு டாங்கிகள் கொண்டுபோய் இறக்கின. சித்தாள் கூலி மிச்சம், அதைவிட முக்கியமாகச் சித்தாள் மிச்சம்.

தேதி 1918 ஜூலை 4. முதன்முறையாக ஆஸ்திரேலியர்களோடு சேர்ந்து சண்டையிட வந்த அமெரிக்கர்களுக்கு மரியாதையாக அவர்களின் சுதந்திர தினத்தைத் தேர்ந்தெடுத்தார். அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் கடைசி நேரத்தில் மனசு மாறி, பத்துக் கம்பெனிகளில் ஆறைத் திரும்ப எடுத்துக்கொண்டார். முந்தின நாள் பிற்பகல் மிச்ச நாலும் வேண்டும் என்றார். அவர்களை எடுத்தால் தாக்குதலே கிடையாது, சாயங்காலத்துக்குள் முடிவு சொல்லுங்கள் என்று மோனாஷ் தன் மேலதிகாரி ராலின்சனிடம் கறாராகச் சொல்லிவிட்டார். விஷயம் ஹெய்க் வரை போய், அமெரிக்கர்கள் இருக்கட்டும் என்று உத்தரவானது. விடிகாலையில் வேலை ஆரம்பம். மோனாஷ் போட்ட எஸ்டிமேட் 90 நிமிடம். முடிந்தது 93 நிமிடத்தில். உலகில் எந்தக் கட்டட வேலையும் இவ்வளவு சொன்ன நேரத்தில் முடிந்ததில்லை என்று வீடு கட்டிய எவரும் சாட்சி சொல்வார்கள்.

அந்தத் திட்டத்தைத் தலைமையகம் அச்சடித்து மற்ற தளபதிகளுக்குப் பாடமாக அனுப்பியது. ஆகஸ்ட் 8 அன்று ஏமியான் அருகே இதே முறையில், இன்னும் பெரிய அளவில் அடி விழுந்தது. ஜெர்மன் ராணுவத்தின் கறுப்பு நாள் என்று அவர்களின் தளபதி லூடன்டார்ஃப் புலம்பினார். நான்கு நாள் கழித்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் மோனாஷின் முகாமுக்கே வந்து, மண்டியிட வைத்து, சர் பட்டம் கொடுத்துவிட்டுப் போனார். அதே மாதக் கடைசியில் மோன் சான் காந்தான் என்ற குன்றைச் சொற்பப் படையோடு பிடிக்கப் போகிறேன் என்றபோது ராலின்சன் சிரித்தாராம். பிடித்த பிறகு சிரிக்கவில்லை. போருக்குப் பின் பிரிட்டிஷ் பிரதமர் லாயிட் ஜார்ஜ், இப்படி ஒருத்தர் இருக்கும் விஷயத்தையே யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று நினைவுக் குறிப்புகளில் அங்கலாய்த்தார். சொல்ல வேண்டியவர்கள் குதிரை தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

சண்டை முடிந்ததும் சுமார் 1,60,000 பேரைக் கப்பல் பிடித்து ஊருக்கு அனுப்பும் வேலையை முடித்துவிட்டு, விக்டோரியா மாநில மின்வாரியத்தின் தலைமையை ஏற்றார். யல்லூர்ன் நிலக்கரியில் பாதிக்கு மேல் தண்ணீர். அதை எரிப்பதும் ஈரத் துணியை எரிப்பதும் ஏறக்குறைய ஒன்று. 1924-ல் அந்த ஈர நிலக்கரியிலிருந்தே மெல்போர்னுக்கு மின்சாரம் கொண்டுவந்தார். ஜெர்மானியர்களிடமிருந்து கரிக்கட்டி செய்யும் இயந்திரத்தை வாங்க அவருக்குக் கூச்சமே இல்லை.

பின்னாளில் பிரதமரான மென்சிஸ் சொன்ன கதை ஒன்று. மின்வாரியத்தின் கோரிக்கையை மாநில அமைச்சரவை நிராகரித்துவிட்டது. மோனாஷ் கூட்டத்துக்குள் நேராக நுழைந்தார். அமைச்சர்கள் தன்னிச்சையாக எழுந்து நின்றார்கள். உங்களுக்குப் புரியாததால்தான் நிராகரித்திருக்கிறீர்கள், நான் விளக்குகிறேன் என்று உட்கார்ந்து விளக்கினார். முடிவு மாறியது. கையெழுத்துப் போட வேண்டிய அரசாணையை ஏற்கெனவே தயார் செய்து கொண்டுவந்திருந்தார்!

1929-ல் முழு ஜெனரல் பதவி வந்தது. 1931-ல் புது டெல்லி திறப்பு விழாவுக்கு ஆஸ்திரேலியாவின் பிரதிநிதியாக வந்துபோனார். பொருளாதாரம் படுத்திருந்த அந்தக் காலத்தில், ஆட்சியைக் கைப்பற்றித் தலைமை ஏற்கச் சொல்லிச் சிலர் அவரை அழைத்தார்கள். ஓட்டுப்பெட்டியும் படித்த வாக்காளரும்தான் நாட்டுக்குக் கதி என்று பதில் எழுதினார். ஹேமலுக்கு 133 அம்சம் போட்டவர், ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஒன்றுகூடப் போடவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று இறந்தார். இறுதி ஊர்வலத்தில் இரண்டரை லட்சம் பேர். பிறகு ஒரு பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர், நூறு டாலர் நோட்டில் அவர் படம். கடன்காரர்களுக்குப் பயந்த மனிதரின் முகம் நாட்டிலேயே பெரிய நோட்டில்! அபிமானிகளுக்கு இது போதவில்லை. இறந்தவருக்கு ஃபீல்டு மார்ஷல் பதவி கொடுத்தே தீர வேண்டும் என்று கிளம்பினார்கள். 2018-ல், போர் முடிந்து நூறு வருடம் ஆன ஆண்டில், அரசாங்கம் அந்தக் கோரிக்கையை நிராகரித்தது. வேலை முடிந்து, எல்லோரும் சுற்றிப் பார்த்து, பாராட்டிக் கைதட்டிய பிறகும் கடைசித் தவணை நிலுவை. ஃபயன்ஸ்ஃபோர்டு பாலத்தில் பழகிய கான்ட்ராக்டருக்கு இதெல்லாம் சகஜம்.